தோசைக்கல் வாங்கப் பிறந்த தேதி எதற்கு? இணையக் கடையில் குறைந்த தகவலோடு பொருள் வாங்கும் முறை

இணையத்தில் ஓர் இரும்புத் தோசைக்கல் வாங்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விலை பிடித்துவிட்டது, கூடையில் போட்டாகிவிட்டது. பணம் கட்டும் பொத்தானை அழுத்தினால், 'முதலில் கணக்குத் தொடங்குங்கள்' என்று ஒரு படிவம் வந்து வழிமறிக்கிறது. பெயர், மொபைல் எண், மின்னஞ்சல், கடவுச்சொல், பிறந்த தேதி, பாலினம் என்று கேள்விகள் நீள்கின்றன. சில கடைகள் திருமண நாளைக்கூட விடுவதில்லை. தோசைக்கல் வீடு வந்து சேர இவற்றில் பாதிகூடத் தேவையில்லை.

இணையத்தில் அதிகம் வாங்கிப் பழகாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்தியக் கடைகளையும் இந்தியச் சட்டத்தையும் வைத்தே சொல்கிறேன்.

படி 1: தேவையானதைப் பிரித்தெடுங்கள்

பார்சல் வருவதற்குப் பெயர், முகவரி, பின்கோடு வேண்டும். கூரியர்காரர் தெருமுனையில் நின்று அழைக்க மொபைல் எண் வேண்டும். பில் அனுப்ப மின்னஞ்சல் வேண்டும். அவ்வளவுதான். பிறந்த தேதியும் பாலினமும் திருமண நாளும் உங்களுக்கு எப்போது, என்ன விளம்பரம் அனுப்பலாம் என்று கணக்குப் போடுவதற்காகக் கேட்கப்படுபவை.

படிவத்தில் சிவப்பு நட்சத்திரக் குறி உள்ள கட்டங்கள் மட்டுமே கட்டாயம். மற்றவற்றை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள். பெரும்பாலான கடைகளில் ஒன்றும் ஆகாது. கோபத்தில் பொய் மொபைல் எண்ணை மட்டும் போடாதீர்கள். அது யாரோ ஒருவருடைய எண்ணாக இருக்கும். பார்சலுக்கான ஓடிபி அவருக்குப் போய்ச் சேரும்.

ஏன் இவ்வளவு கறார் என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 2020 நவம்பரில் பிக்பாஸ்கெட் வாடிக்கையாளர்கள் சுமார் 2 கோடிப் பேரின் தகவல்கள் கசிந்து விற்பனைக்கு வந்ததாக ஓர் இணையப் பாதுகாப்பு நிறுவனம் அறிவித்தது. பெயர், தொலைபேசி எண், முகவரி ஆகியவற்றோடு பிறந்த தேதியும் அந்தப் பட்டியலில் இருந்தது. கடவுச்சொல்லை மாற்றிவிடலாம். பிறந்த தேதியை மாற்ற முடியாது.

படி 2: கணக்கில்லாமல் வாங்கும் வழியைத் தேடுங்கள்

பல கடைகளில் 'கெஸ்ட் செக்-அவுட்' என்ற வழி இருக்கிறது. ஆனால் கண்ணில் படும்படி வைத்திருக்க மாட்டார்கள். 'லாகின்' பொத்தான் பெரிதாக, பளிச்சென்ற நிறத்தில் இருக்கும். அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் சிறிய எழுத்தில் 'கன்டினியூ அஸ் கெஸ்ட்' என்று இருக்கும். பக்கத்தின் அடிவரை ஒருமுறை நகர்த்திப் பாருங்கள்.

இல்லாவிட்டால்? பலருக்கும் தெரியாத ஒரு விஷயம்: சிறிய கடைகள் பலவும் ஷாப்பிஃபை, வூகாமர்ஸ் போன்ற ஆயத்த மென்பொருள்களில்தான் ஓடுகின்றன. கணக்கில்லாமல் வாங்க அனுமதிப்பதா வேண்டாமா என்பது அவற்றில் கடைக்காரர் மாற்றிக்கொள்ளக்கூடிய ஓர் அமைப்பு மட்டுமே. 'தொழில்நுட்பத்தில் வழியில்லை' என்று யாராவது பதில் சொன்னால் நம்ப வேண்டாம். கடையின் மின்னஞ்சலுக்கு இரண்டு வரி எழுதிக் கேளுங்கள். விற்பனை கைநழுவிப் போவதை எந்தச் சிறு கடைக்காரரும் விரும்ப மாட்டார். பல வணிகர்கள் ஒரே இடத்தில் விற்கும் பெரிய சந்தைத் தளங்களில் பெரும்பாலும் இது நடக்காது. அங்கே கணக்கு வேண்டியிருக்கும். அடுத்த படிகள் அவற்றுக்குத்தான் அதிகம் பயன்படும்.

சட்டம் என்ன சொல்கிறது? மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று, வாங்குபவரை ஏமாற்றும் 13 வகை வடிவமைப்புத் தந்திரங்களைத் தடைசெய்து வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அவற்றில் ஒன்று கட்டாயப்படுத்தல். வாங்க வந்த பொருளுக்குத் தொடர்பில்லாத சேவையில் சேரச் சொல்வதும், தனிப்பட்ட தகவலைக் கொடுத்தால்தான் வாங்க முடியும் என்று நெருக்குவதும் அதில் வருகின்றன. வெறும் கணக்குத் தொடங்கச் சொல்வது இதில் அடங்காது என்று ஒரு கடைக்காரர் வாதிடலாம். திருமண நாளைக் கட்டாயமாக்கியவர் என்ன சொல்லி வாதிடுவார் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

ஐரோப்பாவில் இந்த விவாதம் இன்னும் தூரம் போய்விட்டது. பின்லாந்தின் வெர்க்கோகௌப்பா என்ற இணையக் கடைக்கு அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு அமைப்பு 2024 மார்ச்சில் 8,56,000 யூரோ அபராதம் விதித்தது. வாடிக்கையாளர் கணக்குத் தகவலை எவ்வளவு காலம் வைத்திருப்போம் என்று கடை வரையறுக்கவே இல்லை என்பது அபராதத்துக்குக் காரணம். ஒரேயொரு பொருள் வாங்க வந்தவரையும் கணக்குத் தொடங்க வைத்தது தவறு என்றும் அதே தீர்ப்பு சொன்னது.

படி 3: கடைக்கென்று தனி மின்னஞ்சல்

வங்கிக்கும் அலுவலகத்துக்கும் கொடுத்த மின்னஞ்சலைக் கடைகளுக்குக் கொடுக்காதீர்கள். புதிதாக ஒன்று தொடங்கிக்கொள்ளலாம். ஜிமெயில் வைத்திருப்பவர்களுக்கு அதைவிடச் சுலபமான வழி உண்டு. முகவரியில் 'அட்' குறிக்கு முன்னால் ஒரு கூட்டல் குறியும் கடையின் பெயரும் சேர்த்துவிடுங்கள். உங்கள் முகவரி 'குமரன்' என்று தொடங்கினால், 'குமரன்+தோசைக்கல்' என்று ஆங்கில எழுத்துகளில் போடுங்கள். அஞ்சல் உங்களுக்கே வரும். நாளைக்கு அந்த முகவரிக்கு ஏதாவது கடன் விளம்பரம் வந்தால், உங்கள் தகவல் எந்தக் கடையிலிருந்து வெளியே போனது என்பது அந்தக் கூட்டல் குறியிலேயே தெரிந்துவிடும். சில படிவங்கள் கூட்டல் குறியை ஏற்காது. அங்கே தனி முகவரிதான் வழி.

'கூகுள் மூலம் உள்நுழைக' என்ற பொத்தானும் இருக்கும். அதில் ஒரு நன்மை உண்டு: கடையிடம் கடவுச்சொல் இருக்காது, எனவே கசியவும் செய்யாது. பதிலுக்கு உங்கள் பெயர், மின்னஞ்சல், படம் ஆகியவை கடைக்கும், நீங்கள் எந்தக் கடைக்குப் போகிறீர்கள் என்ற செய்தி கூகுளுக்கும் போகும். ஒரே ஒரு முறை வாங்கும் கடையில் நான் இதைப் பயன்படுத்த மாட்டேன்.

கடவுச்சொல் வைக்க வேண்டியிருந்தால், வேறெங்கும் பயன்படுத்தாத ஒன்றை வையுங்கள். பிரவுசரே உருவாக்கித் தரும்.

படி 4: டிக் பெட்டிகளும் செயலி கேட்கும் அனுமதிகளும்

ஆர்டரை உறுதிசெய்வதற்கு முன் பக்கத்தை மெதுவாகப் படியுங்கள். 'வாட்ஸ்அப்பில் சலுகைகளைப் பெற' போன்ற வரிகளுக்கு முன்னால் ஏற்கெனவே டிக் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.

செயலியை இறக்கினால் 50 ரூபாய் தள்ளுபடி என்பார்கள். கைபேசிச் செயலி தொடர்புப் பட்டியல், இருப்பிடம், புகைப்படம் என்று கேட்கத் தொடங்கும். பிரவுசரில் திறந்த கடையால் உங்கள் தொடர்புப் பட்டியலை அப்படி அள்ளிக்கொண்டு போக முடியாது. 2023ஆம் ஆண்டின் எண்ம (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே இதற்கு ஓர் உதாரணம் தருகிறது: தொலைமருத்துவச் செயலி ஒன்று தொடர்புப் பட்டியலுக்கும் சேர்த்து ஒப்புதல் வாங்கினாலும், மருத்துவ ஆலோசனைக்கு அது தேவையில்லை என்பதால் தொடர்புப் பட்டியலுக்கான ஒப்புதல் செல்லாது. தோசைக்கல்லுக்கும் அதே நியாயம்தான்.

படி 5: பணம் கட்டுதல்

ரிசர்வ் வங்கி விதிப்படி 2022 அக்டோபர் 1 முதல் கடைகள் உங்கள் கார்டு எண்ணைச் சேமித்து வைக்கக் கூடாது. அதற்குப் பதிலாக 'டோக்கன்' என்ற மாற்று எண் மட்டுமே இருக்கும். இருந்தாலும் ஒரு முறை வாங்கும் கடையில் 'கார்டைச் சேமி' என்பதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். யுபிஐ முகவரி பல பேருக்கு மொபைல் எண்ணாகவே இருக்கிறது. பல செயலிகளில் எண் இல்லாத இன்னொரு முகவரியை உருவாக்கிக்கொள்ள முடியும்.

படி 6: அட்டைப்பெட்டியைக் கிழிக்கும்போது

பார்சல் மேல் ஒட்டிய தாளில் உங்கள் பெயர், கதவு எண், பெரும்பாலும் மொபைல் எண் எல்லாம் அச்சிட்டிருக்கும். அந்தத் தாளை உரித்துக் கிழித்துவிட்டுப் பெட்டியைக் குப்பையில் போடுங்கள்.

படி 7: கணக்கை நீக்கச் சொல்லுங்கள்

இதைத்தான் பெரும்பாலோர் செய்வதில்லை. செயலியைக் கைபேசியிலிருந்து நீக்கினால் கணக்கும் போய்விடும் என்று நினைக்கிறார்கள். போகாது. திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும்வரை பொறுத்திருங்கள், பில்லைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கணக்கு அமைப்புகளில் 'டெலிட் அக்கவுன்ட்' இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், கடையின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். அவருடைய பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் காட்ட வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டு மின்வணிக விதி. பக்கத்தின் அடியில் தேடுங்கள். கடிதம் இப்படி இருந்தால் போதும்:

"வணக்கம். இந்த மின்னஞ்சல் முகவரியில் தங்கள் கடையில் எனக்கு ஒரு கணக்கு உள்ளது. ஆர்டர் எண் ______. பொருள் கிடைத்துவிட்டது, பாக்கி ஏதும் இல்லை. என் கணக்கையும், சட்டப்படி வைத்திருக்க வேண்டிய பில் விவரம் தவிர்த்த என் தகவல்கள் அனைத்தையும் நீக்கிவிடக் கேட்டுக்கொள்கிறேன். விளம்பரச் செய்திகளுக்கு நான் தந்த ஒப்புதலையும் திரும்பப் பெறுகிறேன். நீக்கியதும் இதே முகவரிக்குப் பதில் எழுதுங்கள்."

பில் விவரத்தைத் தவிர்த்தது காரணத்தோடுதான். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குப் பதிவேடுகளை வணிகர் பல ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். அதையும் அழி என்று கேட்டால், அதைக் காரணம் காட்டி மொத்தக் கோரிக்கையையும் தட்டிக்கழித்துவிடுவார்கள்.

புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று அதே மின்வணிக விதி சொல்கிறது. பதிலே வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள், தமிழிலும் பேசலாம். அனுப்பிய கடிதத்தின் தேதியைக் கையில் வைத்திருங்கள். விளம்பரக் குறுஞ்செய்தி தொடர்ந்தால் 1909 என்ற எண்ணை அழைத்துத் தடுக்கலாம். அனுப்புநர் பெயரின் கடைசியில் ஆங்கில 'P' எழுத்து இருந்தால் அது விளம்பரம்.

தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முழு பலம் இன்னும் கைக்கு வரவில்லை. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நமக்குப் பயன்படும் முக்கியப் பகுதிகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள், அதாவது 2027 மே வரை. அதன் பிறகு, குறைந்தது 2 கோடிப் பதிவுசெய்த பயனர்களைக் கொண்ட மின்வணிகத் தளங்கள், மூன்று ஆண்டுகள் எட்டிப்பார்க்காதவரின் தகவலைப் பொதுவாக அழித்துவிட வேண்டும். அழிப்பதற்கு 48 மணி நேரம் முன்பாவது அவருக்குத் தெரிவிக்கவும் வேண்டும். தோசைக்கல் விற்கும் சிறிய கடைக்கு இந்த மூன்றாண்டுக் கெடு பொருந்தாது. அங்கே மேலே உள்ள கடிதத்தை நீங்களேதான் அனுப்ப வேண்டும்.