மாருதி 800, ஆம்னி: வீட்டு முற்றத்தில் கிராங்க் புல்லி கழற்றி டைமிங் வைக்கும் முறை

மாருதி 800 உற்பத்தி 2014-இல் நின்றுபோனது. ஆனாலும் நாகர்கோவிலில் தொடங்கி குலசேகரம், களியக்காவிளை வரை ஆம்னியிலும் உள்ள அந்த 796 சி.சி. மூன்று சிலிண்டர் எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றும் தண்டு), கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) இரண்டையும் ஒரே கணக்கில் சுற்றவைக்கும் பல் பெல்ட்தான் டைமிங் பெல்ட். கிராங்க் முனையில் உள்ள புல்லியைக் கழற்றி அதை மாற்றுவது வீட்டில் செய்யக்கூடிய வேலைதான். இதில் பலம் குறைந்ததால் கெட்டவர்களைவிட கியர்களில் குறி வைக்க மறந்ததால் கெட்டவர்களே அதிகம்.

வேலைக்கு முன்

இடத்தை முதலில் பாருங்கள். நம் ஊர் செம்மண் முற்றம் ஒரு மழை பெய்தாலே இளகிவிடும். கடற்கரைப் பக்கம் மணல். இரண்டிலும் ஜாக்கி சாயும். அடியில் ஒன்றரை அங்குலக் கனத்தில் பலகை போட்டு, வண்டியைத் தூக்கியதும் ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே கை விடக்கூடாது. நிழல் நல்லது என்று தென்னை மூட்டில் நிறுத்தி பானெட்டைத் திறந்து போடாதீர்கள், காரணம் சொல்ல வேண்டாம்.

வேண்டியவை: 10, 12, 14, 17 சாக்கெட்டுகள் (ஆறு மூலை உள்ளவை, பன்னிரண்டு மூலை சாக்கெட் துருப்பிடித்த தலையை உருட்டிவிடும்), நீளமான கைப்பிடி, டார்க் ரெஞ்ச், பிளக் ஸ்பேனர், துரு இளக்கும் ஸ்ப்ரே, கம்பி பிரஷ், வெள்ளைப் பெயிண்ட் அல்லது நெயில் பாலிஷ், புது பெல்ட், புது ஆயில் சீல் (கிராங்க் முனையில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்). பெல்ட்டை விறைப்பாக வைக்கும் உருளையான டென்ஷனரை விரலால் சுற்றிப் பாருங்கள்; கரகர என்று சத்தம் வந்தால் அதையும் மாற்ற வேண்டும். பேட்டரியின் மைனஸ் ஒயரை முதலிலேயே கழற்றிவிடுங்கள்.

துரு

குளச்சல், முட்டம், மணக்குடி போல உப்புக்காற்று படும் ஊர்களில் நிற்கும் வண்டிக்கு இதுதான் பெரிய தலைவலி. மேல்பக்கத்து ஊர்களில் உப்பு இல்லை, ஆனால் தென்மேற்கு, வடகிழக்கு என்று ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம். எப்படியானாலும் புல்லி போல்ட்டில் முந்தின நாள் சாயங்காலமே ஸ்ப்ரே அடித்து, கம்பி பிரஷால் தேய்த்து, இன்னொரு முறை அடித்து இரவு முழுக்க விடுங்கள். தேங்காய் எண்ணெய் ஊற்றுவதால் பயனில்லை. அது கெட்டி, மரைக்குள் இறங்காது. தீ காட்டவும் வேண்டாம், பின்னாலேயே ரப்பர் சீல் இருக்கிறது.

புல்லி எந்த வகை?

பழைய மாருதி எஞ்சின்களில் புல்லியை கிராங்க் கியரோடு சேர்த்துப் பிடிப்பவை சுற்றிலும் உள்ள சிறு போல்ட்டுகள். அவற்றைக் கழற்றினாலே புல்லி வந்துவிடும். நடுவில் இருக்கும் பெரிய போல்ட்டைத் தொட வேண்டியதில்லை. கிராங்க் கியரையோ ஆயில் சீலையோ எடுப்பதென்றால்தான் நடு போல்ட். வேறு பல கார்களில் எல்லாவற்றையும் பிடிப்பது நடு போல்ட் ஒன்றே. டார்ச் அடித்துப் பார்த்து எது என்று முடிவு செய்த பிறகு ஸ்பேனரை எடுங்கள்.

சிறு போல்ட்டுகள் துருவோடு இருக்கையில் ஒரேயடியாகத் திருப்பினால் தலை முறிந்து கையோடு வரும். கால் சுற்று திருப்பி, திரும்ப இறுக்கி, மறுபடி திருப்பி, அசைத்து அசைத்து எடுங்கள்.

நடு போல்ட்: கிராங்கைப் பிடிக்கும் வழி

போல்ட்டைத் திருப்பினால் கிராங்கும் கூடவே சுற்றும், அதனால் கிராங்கைப் பிடித்தாக வேண்டும். டாப் கியரில் போட்டு ஒருவர் பிரேக்கை மிதிப்பது எளிய வழி. 800-இல் எஞ்சின் ஓட்டுவது முன்சக்கரத்தை, ஹேண்ட்பிரேக் பிடிப்பதோ பின்சக்கரத்தை. ஆகவே அதை எவ்வளவு இழுத்தாலும் பயனில்லை, கால் பிரேக்தான். ஆம்னியில் பின்சக்கர ஓட்டம், அங்கே ஹேண்ட்பிரேக்கும் உதவும்.

அப்படியும் நிற்காவிட்டால் கயிறு. முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, துளை வழியாக மெல்லிய நைலான் கயிற்றை நான்கைந்து அடி உள்ளே திணிக்க வேண்டும்; நுனியில் முடிச்சுப் போட்டு வெளியே விடுங்கள். தேங்காய்க் கயிறு வேண்டவே வேண்டாம், நார் உதிர்ந்து வால்வு இடுக்கில் சிக்கும். எந்த நிலையில் கயிறு விடுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். நடு போல்ட் இடப்பக்கம் திருப்பினால் கழலும், அப்போது கிராங்கும் இடப்பக்கம் சுற்றப் பார்க்கும். ஆகவே கம்ப்ரெஷன் டாப்பை (வால்வுகள் மூடியபடி பிஸ்டன் உச்சிக்கு வரும் இடம்) கடந்து, பிஸ்டன் பாதி இறங்கிய நிலையில் கயிற்றை விடுங்கள். போல்ட்டைத் திருப்பும்போது பிஸ்டன் மேலே ஏறிக் கயிற்றில் முட்டி நிற்கும், அந்த நேரம் வால்வு இரண்டும் மூடியிருக்கும். திரும்ப இறுக்கும்போது நேர் எதிர்: டாப்புக்கு முன்னால், பாதி ஏறிய நிலை. பெல்ட் மாட்டியிருக்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள்.

60 கிலோ எடையுள்ள ஒருவர் இரண்டடி பைப்பின் நுனியில் முழு எடையையும் கொடுத்தால் ஏறக்குறைய 350 நியூட்டன் மீட்டர் வரும். அதற்கும் அசையவில்லை என்றால் மேலே ஏறிக் குதிக்காதீர்கள். ஸ்ப்ரே அடித்து, போல்ட் தலையில் சுத்தியலால் நேராக நாலு தட்டு தட்டி, ஒரு மணி நேரம் விடுங்கள். ஸ்டார்ட்டரை ஒரு நொடி சுற்றவிட்டுப் போல்ட்டை இளக்கும் வித்தை ஒர்க்‌ஷாப்களில் உண்டு. கைப்பிடி நழுவினால் கை போகும், புதிதாகச் செய்பவர்களுக்கு அது வேண்டாம்.

புல்லி வராவிட்டால் அதன் விளிம்பில் புல்லர் மாட்டி இழுக்காதீர்கள். நடுவில் ரப்பர் வைத்த புல்லி என்றால் விளிம்பு தனியே கழன்று வரும். நடுப்பகுதியில் மரை போட்ட துளைகள் இருந்தால் அவற்றில் போல்ட் மாட்டி இழுப்பதே சரி.

பெல்ட் கழற்றும் முன் குறி

மூன்று பிளக்கையும் கழற்றிவிட்டு, கிராங்கை வலப்பக்கமாக மட்டும் சுற்றுங்கள். கேம் போல்ட்டைப் பிடித்து எஞ்சினைச் சுற்றவே கூடாது. கேம் கியரில் உள்ள குறி அதன் பின்புறத்து வெட்டுக்கு நேராகவும், கிராங்க் கியரில் உள்ள புள்ளி ஆயில் பம்ப் உடலில் உள்ள அம்புக்கு நேராகவும் வந்ததும் நிறுத்துங்கள். புல்லியின் விளிம்பில் குறி இருந்தால் அது இக்னிஷனுக்கானது, இதோடு குழப்பிக்கொள்ளக்கூடாது. சில கேம் கியர்களில் ஒன்றுக்கு மேற்பட்ட குறி இருக்கும். எது எதற்கு நேராக நின்றது என்று போனில் படம் எடுத்து, அந்தப் பல்லில் வெள்ளைப் பெயிண்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு டென்ஷனரைத் தளர்த்திப் பெல்ட்டை எடுங்கள். பெல்ட் வெளியே இருக்கும் நேரத்தில் கிராங்கும் கேமும் தனித்தனியே சுற்றக்கூடாது. பிஸ்டன் வால்வில் இடிக்கும் எஞ்சின் என்றால் அரைச் சுற்றிலேயே வால்வு வளைந்துவிடும். நம் எஞ்சின் எந்த வகை என்று ஆராயாமல் இடிக்கும் வகை என்றே நினைத்துச் செய்வது நல்லது.

கிராங்க் கியரை எடுத்தால் அதன் கீயை (கியரைத் தண்டோடு பூட்டும் சிறு இரும்புத் துண்டு) பாருங்கள். ஓரம் நசுங்கியிருந்தால், பள்ளம் அகன்றிருந்தால், முன்பு யாரோ நடு போல்ட்டைச் சரியாக இறுக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படியே மாட்டினால் குறி எவ்வளவு சரியாக இருந்தாலும் டைமிங் நிற்காது. ஆயில் சீலையும் இப்போதே மாற்றிவிடுங்கள்; கசியும் எண்ணெயில் புதுப் பெல்ட் ஊறிக் கெடும்.

புதுப் பெல்ட்

பெல்ட்டை மடக்கவோ முறுக்கவோ கூடாது. முதலில் கிராங்க் கியரில் மாட்டி, டென்ஷனர் இல்லாத பக்கம் விறைப்பாக இருக்கும்படி கேம் கியருக்கு ஏற்றுங்கள். தளர்வு முழுவதும் டென்ஷனர் பக்கம் வர வேண்டும். ஸ்பிரிங் டென்ஷனரை இழுத்துக்கொள்ளட்டும், போல்ட்டை இன்னும் இறுக்க வேண்டாம். கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். கிராங்க் இரண்டு சுற்றுக்குக் கேம் ஒரு சுற்று என்பதால் இரண்டு குறியும் திரும்பவும் அதே இடத்துக்கு வந்து நிற்க வேண்டும். வந்தால் டென்ஷனரை இறுக்கலாம். நடுவில் எங்காவது இரும்பு தட்டியதுபோல் நின்றால் பலம் கொடுக்காமல் பெல்ட்டை எடுத்து முதலிலிருந்து வையுங்கள்.

ஒரு பல்தானே என்று விட்டுவிட முடியாது. கேம் கியரில் 40 பல் என்று வைத்துக்கொண்டால் ஒரு பல்லுக்குக் கேமில் 9 டிகிரி, கிராங்கில் 18 டிகிரி. வண்டி ஸ்டார்ட் ஆகும், ஆனால் ஐடிலிங் ஆடும், பிக்கப் இருக்காது. கார்புரேட்டரில்தான் கோளாறு என்று நினைத்து அதைக் கழற்றி நாளைக் கழிப்பீர்கள்.

சிறு போல்ட்டுகளை எதிரெதிராக இறுக்குங்கள். நடு போல்ட்டுக்குச் சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவு, டார்க் ரெஞ்ச் வைத்து; கைக்கணக்கு போதாது.

இக்னிஷன் டைமிங் (கார்புரேட்டர் வண்டிக்கு)

இது பிளக்கில் தீப்பொறி விழும் நேரம். எஞ்சின் சூடாகட்டும். டிஸ்ட்ரிபியூட்டரின் (பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பாகம், உள்ளே சுற்றுவது ரோட்டர்) வேக்குவம் குழாயைக் கழற்றி வாயை அடைத்து, ஐடிலிங் ஆர்.பி.எம். சரிசெய்து, டைமிங் லைட்டை (தீப்பொறியோடு சேர்ந்து மின்னும் விளக்கு) முதல் சிலிண்டர் பிளக் ஒயரில் மாட்டி இக்னிஷன் குறியில் அடியுங்கள். எத்தனை டிகிரி என்பதற்கு மேனுவலையோ பானெட் ஸ்டிக்கரையோ பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் போல்ட்டை லேசாகத் தளர்த்தி, ரோட்டர் சுற்றும் திசைக்கு எதிராக உடலைத் திருப்பினால் டைமிங் முன்னே போகும் (தீப்பொறி முந்தி விழும்), அதே திசையில் திருப்பினால் பின்னே வரும். மயிரிழை மயிரிழையாகத்தான் நகர்த்த வேண்டும். போல்ட்டை இறுக்கிய பிறகு மறுபடி லைட் அடியுங்கள், இறுக்கும்போதே நகர்ந்திருக்கும்.

ஓட்டிப் பார்க்க பேச்சிப்பாறைப் பக்கத்து ஏற்றம் போதும். டாப் கியரில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது கல் குலுக்கியதுபோல் நாக்கிங் வந்தால் டைமிங் முன்னே இருக்கிறது. ஏற மறுத்து, சூடு ஏறி, சைலன்ஸரில் படபடவென்று வெடித்தால் பின்னே இருக்கிறது. எதுவாக இருந்தாலும் ரோட்டோரத்தில் நின்று டிஸ்ட்ரிபியூட்டரைத் திருகாமல், வீட்டுக்கு வந்து லைட் மாட்டிப் பார்த்து மாற்றுங்கள்.