தித்தோனியா வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெக்சிகோவையும் மத்திய அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட தித்தோனியா, மெக்சிகோ சூரியகாந்தி என்றும் அழைக்கப்படுகிறது. இப்பெயரில் இரண்டு செடிகள் இருப்பதை அறியாமல் வாங்குவதே முதல் தவறு. செம்மஞ்சள் நிறத்தில் பூத்து, 4 முதல் 6 அடி வரை வளர்ந்து, ஒரே பருவத்தில் ஆயுளை முடித்துக்கொள்வது ஒன்று. மஞ்சள் பூக்களுடன் ஆளுயரத்தைத் தாண்டிப் பல்லாண்டு நிற்கும் புதர் மற்றொன்று. பின்னதன் இலையில் தழைச்சத்து மிகுதி என்பதால் மேற்குக் கென்யாவின் உழவர்கள் அதைப் பசுந்தழை உரமாக வயலில் இடுகிறார்கள். ஆனால் வெட்டிய தண்டிலிருந்தும் துளிர்த்து, இலங்கை மலையகத்தின் சாலையோரங்களில் காடாக மண்டுவதும் அதுவே. பூவின் நிறத்தைக் கேட்காமல் குச்சியோ விதையோ வாங்கி வீட்டுத் தோட்டத்தில் வைப்பவர், பிறகு அதை அகற்றப் படாதபாடு படுவார்.

இனிச் செம்மஞ்சள் வகையைப் பற்றிச் சொல்கிறேன். இதன் விதை முளைக்க வெளிச்சம் உதவும் என்பதால், ஆழமாகப் புதைக்காமல் மேலாகத் தூவி, மெல்லிய மண்படலத்தால் மூடினால் போதும்.

பெரும்பாலோர் சறுக்குவது உரத்தில்தான். செடி வளர வளர ஆசை கூடி, தொழுவுரத்தையும் யூரியாவையும் மாறி மாறி இடுகிறார்கள். செடியோ இலையாகவே தழைத்து, பூப்பதைத் தள்ளிப்போட்டு, சதைப்பற்றான தண்டுடன் முதல் காற்றிலேயே சாய்ந்துவிடுகிறது. சுமாரான மண்ணும், முழு வெயிலும், மேல்மண் காய்ந்தபின் விடும் தண்ணீருமே இதற்கு ஏற்றவை. ஊன்றுகோலை நாற்று நடும்போதே நட்டுவிட வேண்டும்; சாய்ந்தபின் குச்சியை இறக்கினால் வேர் அறுபடும்.

இடைவெளி 2 அடிக்குக் குறைந்தால் காற்றோட்டம் தடைபட்டு இலைகளில் பூஞ்சணம் பற்றும். மாடித் தொட்டியில் உயர வகையை வைத்துத் திண்டாடுவதைவிட, 2000-ஆம் ஆண்டு, சிறந்த புதிய தோட்டச் செடி வகைகளுக்கு வழங்கப்படும் அமெரிக்காவின் ஆல்-அமெரிக்கா செலக்‌ஷன்ஸ் விருது பெற்ற பியஸ்டா டெல் சோல் என்னும் குட்டை வகையைத் தேடி வாங்கலாம். அது ஏறத்தாழ 3 அடிக்குள் அடங்கும்.

வாடிய பூக்களைக் கிள்ளாமல் விட்டால் செடியின் ஊக்கம் விதைக்குப் போய், புது மொட்டுகள் குறையும். தேன் தேடி வரும் வண்ணத்துப்பூச்சிகளுக்காகவே பலர் இதை வளர்க்கிறார்கள்; சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினியைக் கண்டதும் பூச்சிமருந்து தெளித்தால் அவையும் மடியும். அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்சினாலே அசுவினி உதிர்ந்துவிடும். சாடியில் வைக்கப் பூப் பறிப்போர் பூவின் கழுத்தைப் பிடித்து இழுக்கக் கூடாது: காம்பு உள்ளே பொள்ளலாக இருப்பதால் மடங்கி, பூ தலைதொங்கிவிடும். காம்பின் அடிப்பகுதியைப் பிடித்துக் கூரிய கத்தரியால் நறுக்க வேண்டும்.