உமியில் இருந்து பற்றரிக்கான நனோ சிலிக்கன்

சம்மாந்துறை மில்களில் உமியைச் சாக்குச் சாக்காகத் தருவார்கள். நாடு, சம்பா எந்த நெல்லின் உமியானாலும் சரி. நெற்பயிர் சிலிக்காவை (சிலிக்கனும் ஒட்சிசனும் சேர்ந்த பொருள்) உறிஞ்சி உமியில் மிக நுண்ணிய துகள்களாகப் படிய வைத்திருக்கிறது. அந்த நுண்மை கெடாமல் சிலிக்கனாக்குவதுதான் எங்கட வேலை. பற்றரியை மின்னேற்றி இலித்தியம் உள்ளே ஏறும்போது சிலிக்கன் ஏறத்தாழ 300 சதவீதம் பெருக்கும். துகள் 150 நனோமீற்றருக்குக் கீழே இருந்தால்தான் துகள் விரிசல் விட்டு உடையாமல் தாங்கும்.

முதலில் உமியை ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் சூடாக்கிக் கழுவுங்கள். என்னிடம் வரும் மாணவர்கள் இதைத்தான் விட்டுவிடப் பார்க்கிறார்கள். விட்டால் உமியிலுள்ள பொற்றாசியம் சிலிக்காவை இளக்கி, கரியை உள்ளே பூட்டிவிடும். கழுவியதை 600–700 பாகை செல்சியசில் நல்ல காற்றோட்டத்துடன் எரித்தால் வெண்சாம்பலாகச் சிலிக்கா கிடைக்கும். மில் அடுப்புச் சாம்பல் வேண்டாம். அதில் கரியும் இருக்கும், சூடும் கட்டுக்குள் இருந்திருக்காது.

அடுத்தது கல்சியம் குளோரைட்டு. இந்த உப்பை உருக்கி, அதற்குள் மின்சாரம் செலுத்தித்தான் சிலிக்காவிலிருந்து ஒட்சிசனை நீக்கப்போகிறோம். எங்கட மாரிக் காற்றில் மூடியைத் திறந்தாலே அது நீரை இழுக்கும். 300 பாகை வரை மெதுவாக, முடிந்தால் வெற்றிடத்தில் உலர்த்துங்கள். அவசரப்பட்டால் அமில ஆவி கிளம்பும், கல்சியம் ஒட்சைட்டு மிஞ்சும், அது சிலிக்காவைப் பிடித்து சிலிக்கேற்றாக்கிவிடும். இந்த ஒரு படிக்கு ஒரு முழு நாளை ஒதுக்குவதில் எனக்குத் தயக்கமே இல்லை.

சிலிக்கா மின் கடத்தாது. ஆனால் உலோகம், சிலிக்கா, உப்பு மூன்றும் சந்திக்கும் இடத்தில் ஒட்சிசன் கழலத் தொடங்கி, அந்த மாற்றம் உண்டான சிலிக்கன் வழியே உள்ளே பரவும் என்று 2003இல் கியோட்டோ பல்கலைக்கழகத்தார் காட்டினார்கள். அதனால் சாம்பலை மெல்லிய வில்லையாக அழுத்தி, மொலிப்டினம் வலையில் இறுக்கமாகச் சுற்றுங்கள். அது கதோட்டு, காரீயக் (கிரபைற்று) கோல் அனோட்டு. இரண்டையும் உருகிய உப்பில் அமிழ்த்தி, ஆகன் வாயுவில், 850 பாகையில், 2.8 வோல்ற்று கொடுங்கள். 3.2ஐ நெருங்கினால் உப்பே பிரிந்து குளோரின் வரும். புகைக் கூண்டும் வெளியேற்றும் குழாயும் இல்லாத இடத்தில் இதைத் தொடவே கூடாது, காபனோரொட்சைட்டும் வரும்.

ஒரு கிராம் சிலிக்காவுக்குக் கணக்குப்படி 1.8 அம்பியர்-மணி போதும். நடைமுறையில் கூடவே போகும். மின்னோட்டம் இறங்கி ஒரே மட்டத்தில் நின்றதும் நிறுத்துங்கள். மேலும் விட்டால் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பருத்துவிடும். வலையை உப்பிலிருந்து தூக்கி, ஆகனுக்குள்ளேயே ஆறவிட்டு, நீரிலும் ஐதான அமிலத்திலும் கழுவி, வெற்றிடத்தில் உலர்த்துங்கள். மண்ணிறத் தூள் மிஞ்சும். அதைக் காபன் கரியுடன் காபொட்சிமெதயில் செலுலோசு பசையில் குழைத்துச் செப்புத் தாளில் பூசுங்கள், அதுதான் பற்றரியின் மின்வாய்.