சோல்-ஜெல் முறையில் அலுமினா-சிலிக்கா பீங்கான்: விரிசல் இல்லாமல் எடுப்பது எப்படி?

சூளைக்குள் தெர்மோகப்புளை (வெப்பநிலை அளக்கும் கம்பியை) நிறுத்த ஒரு சின்னத் தாங்கி வேண்டியிருந்தது. ஈப்போவில் தேடியும் நினைத்த வடிவம் அமையவில்லை. அதனால் பேராக் மாநிலத்துப் பீடோரிலேயே அச்சில் ஊற்றி எடுத்தேன். மலேசியாவில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். தேர்வுக்கு வேதியியல் படித்தவர்கள் தாராளமாகச் செய்யலாம். மோல் கணக்கை நான் இங்கே விளக்கப்போவதில்லை.

தேவையானவை: டெட்ராஎத்தில் ஆர்த்தோசிலிகேட் 20 மி.லி., எத்தனால் 20 மி.லி., 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 6.5 மி.லி., ஒரு மைக்ரான் அளவுள்ள ஆல்ஃபா அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) பொடி 40 கிராம். சாயம் கலந்த ஸ்பிரிட் வேண்டாம். சிலிகேட்டின் ஆவி கண்ணைக் கெடுக்கும், தீயும் பற்றும். ஆகவே ஃபியூம் ஹூட் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் கூடு) உள்ள ஆய்வுக்கூடத்தில் மட்டும் செய்யுங்கள், சமையலறையில் வேண்டவே வேண்டாம். எடுத்ததும் சிலிகேட் போத்தலை இறுக்கி மூடுங்கள். இது போன்ற சிலிக்கா எஸ்டர் ஈரக்காற்றில் தானாகவே கெட்டியாவதை 1846இலேயே பிரெஞ்சு வேதியியலாளர் எபெல்மன் கவனித்திருக்கிறார். நம் ஊர்க் காற்றைச் சொல்லவே வேண்டாம்.

சிலிகேட்டையும் எத்தனாலையும் கலந்து, அமிலத்தை மெல்லச் சேர்த்து, ஒரு மணி நேரம் கலக்கவிடுங்கள். கலவை சூடேறித் தெளிந்து வரும். அதுதான் சோல், அதாவது நுண்துகள்கள் மிதக்கும் திரவம். அது உறைந்தால் ஜெல்.

இனி பொடியைச் சோலில் சேருங்கள். இது வெறும் நிரப்பி இல்லை. தனி சிலிக்கா ஜெல் காயும்போது பாதியாகக்கூடச் சுருங்கிவிடும். அலுமினா சுருங்காது என்பதால் முழுத் துண்டையும் தாங்கிப் பிடிக்கும். காந்தக் கலக்கியை மட்டும் நம்பினால் கட்டி உடையாது. மூக்குக்கண்ணாடி கழுவும் சின்ன அல்ட்ராசானிக் தொட்டியில், பாத்திரத்தை மூடி வைத்து, பத்து நிமிடம் விடுங்கள். அதன் பிறகு 1% அம்மோனியாவைத் துளித்துளியாக விட்டு, பி.எச். 5 வரை கொண்டுவாருங்கள். அங்கே அலுமினாவுக்கு நேர்மின்னூட்டம், சிலிக்காவுக்கு எதிர்மின்னூட்டம். ஒன்றை ஒன்று இழுத்துக்கொள்ளும். சில நிமிடங்களில் தேன் பதம் வந்துவிடும், உடனே அச்சில் ஊற்றிவிட வேண்டும். தாமதித்தால் பாத்திரத்திலேயே உறைந்துவிடும். அம்மோனியா விடாமல் காத்திருந்தால் பொடி அடியில் தங்கிவிடும்.

அச்சுக்கு என் தேர்வு, அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்ட பிளாஸ்டிக் கிண்ணம், பொட்டலச் சாப்பாட்டோடு சம்பல் வைத்துத் தருவார்களே, அது. கண்ணாடியில் ஜெல் ஒட்டிக்கொள்ளும், சுருங்கும்போது கிழிந்துவிடும்.

பலருக்கும் கெட்டுப்போகும் இடம் உலர்த்தல். ஜெல்லின் துளைகள் சில நானோமீட்டர்தான். 2 நானோமீட்டர் ஆரமுள்ள துளையில் தண்ணீர் இருந்தால், காயும்போது திரவம் துளைச்சுவரை இழுக்கும் நுண்புழை அழுத்தம் சுமார் 72 மெகாபாஸ்கல். எத்தனால் இருந்தால் 22 மட்டுமே. எனவே ஒரு நாள் மூடிவைத்துக் கெட்டிப்பட்டதும், ஜெல் மேல் எத்தனாலை ஊற்றி, இரண்டு மூன்று முறை மாற்றுங்கள். அதன் பிறகு பிளாஸ்டிக் தாளால் மூடி, நாலைந்து ஊசித்துளை போட்டு, மீன்கடைத் தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். துத்தநாகக் கூரைக்குக் கீழே மதியத்தில் ஏறும் சூடு பெட்டிக்குள் அவ்வளவாக எட்டாது. அடுப்பு, சாமி விளக்கு எதுவும் பக்கத்தில் இருக்கக்கூடாது. ஒரு வாரம் பொறுங்கள். மின்விசிறிக்குக் கீழே வைத்து அவசரப்பட்டால் மேல்பக்கம் முதலில் சுருங்கிப் பிளந்துவிடும். காய்ந்த துண்டில் தண்ணீர் படவிடாதீர்கள், சட்டென்று வெடிக்கும்.

சுடுவது சுலபம். நிமிடத்துக்கு ஒரு டிகிரியாக 600 செல்சியஸ் வரை ஏற்றுங்கள், மிச்சமிருக்கும் கரிமம் எரிந்து போகும். பிறகு 1000 வரை கொண்டுபோய் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் உறுதி கூடும் என்பது சரிதான். ஆனால் சிலிக்கா கிரிஸ்டோபலைட் என்ற படிக வடிவமாக மாறி, ஆறும்போது 200 முதல் 270 டிகிரிக்குள் திடீரென்று சுருங்கி விரிசல் தரும். முல்லைட் (அலுமினாவும் சிலிக்காவும் சேர்ந்த படிகம்) வேண்டுமென்றால் 1400க்கு மேல் போக வேண்டும், சாதாரண மண்பாண்டச் சூளை அதற்குத் தாங்காது.

பின்சேர்ப்பு: அலுமினாவுக்குப் பதிலாகத் தாப்பா பக்கம் கிடைக்கும் கயோலின் என்ற வெள்ளைக் களிமண் போடலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். அப்படியே போட்டால் சுடும்போது அதன் எடையில் சுமார் 14% நீராகப் போய்விடும், துண்டு மறுபடி சுருங்கும். முதலில் 700 டிகிரியில் சுட்டு, அரைத்து, சலித்துச் சேருங்கள். வெள்ளை நிறம் கொஞ்சம் மங்கும், தெர்மோகப்புள் தாங்கிக்கு அது போதும்.