பை விற்றது, கடன் குறையவில்லை: விலையில் இருந்த ஓட்டை

கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் குரோஷா பைகள் செய்து விற்கிறேன். ஆர்டர் நிறைய வந்தும் கடன் தவணைக்குப் பணம் மிஞ்சவே இல்லை.

முதலில் நூல் விலையை மூன்றால் பெருக்கி விலை வைத்தேன். மெல்லிய நூலில் பின்னும் சின்னப் பைக்கு நூல் குறைவு, நேரமோ இரண்டு மடங்கு. அதில் நஷ்டம். சரி என்று தவணைத் தொகையைப் பைகளுக்குப் பங்கு போட்டு விலையில் ஏற்றினேன். விற்பனை குறைந்த மாதம் விலை தாறுமாறாக ஏறியது. என் கடனுக்கு வாங்குபவர் பொறுப்பில்லையே.

கடைசியில் போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு ஒரு பையை முடித்தேன். பின்னல் 3 மணி நேரம். நூல் நுனிகளைச் செருகி, உள்துணி தைத்து, படம் எடுத்து, பார்சல் கட்ட இன்னும் 1 மணி 40 நிமிடம்! இதற்கு நான் கூலியே போட்டதில்லை.

இன்னொன்று, விற்பனைக் கமிஷன். நூல், கூலி, பார்சல் எல்லாம் சேர்த்து 100 என்றால், 10 சதவீதக் கமிஷனுக்காக 110 வைத்தால், கமிஷன் அந்த 110இல் பிடிக்கப்படுவதால் கையில் வருவது 99தான். 100ஐ 0.9ஆல் வகுக்க வேண்டும்; அதாவது 111.11.

இப்போது தவணையைக் கூலிப் பணத்திலிருந்து மட்டும் கட்டுகிறேன், நூல் பணத்தைத் தொடுவதில்லை. மூன்று மாதமாகத் தவணை தவறவில்லை. அப்பாடா!