மினரல் ஃபவுண்டேஷனைப் பவுடர் மாதிரி அப்பாதீர்கள்

களியக்காவிளை தாண்டி, பாறசாலையில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். கசவுப் புடவை, தலை நிறையப் பிச்சிப்பூ, முகத்தில் அன்றுதான் டப்பாவைத் திறந்த மினரல் ஃபவுண்டேஷன். வீட்டுக் கண்ணாடியில் குறை ஒன்றும் தெரியவில்லை. ஆல்பம் வந்தபோதுதான் தெரிந்தது: கழுத்து ஒரு நிறம், முகம் சாம்பல் பூத்த பூசணிக்காய் நிறம். "மாவுச் சட்டியில விழுந்தியா மக்களே?" என்று மைனி கேட்டார். சின்ன வயதிலிருந்து பவுடர் பூசிப் பழகிய கை அல்லவா, இதையும் அப்படியே அப்பிவிட்டேன்.

இரண்டும் ஒன்றல்ல. நாம் குளித்துவிட்டுப் பூசும் பவுடரில் பெரும்பாலும் டால்க். மினரல் ஃபவுண்டேஷனில் முக்கியமாக மைக்கா, டைட்டானியம் டை ஆக்சைடு, ஜிங்க் ஆக்சைடு, அயர்ன் ஆக்சைடு. மைக்கா மினுமினுப்புக்கு. மஞ்சள், சிவப்பு, கறுப்பு அயர்ன் ஆக்சைடுகள் நிறத்துக்கு. தழும்பையும் கருந்திட்டையும் மறைப்பது டைட்டானியம்தான். மணவாளக்குறிச்சிக் கடற்கரைக் கறுப்பு மணலில் இல்மனைட் இருக்கிறதே, அந்தத் தாதுவிலிருந்துதான் இந்த வெள்ளைத் தூளை எடுக்கிறார்கள். திருவனந்தபுரம் பக்கம் கொச்சுவேளியில் அதற்கென்றே ஒரு பழைய தொழிற்சாலை உண்டு. சுவர் பெயிண்டுக்கு வெள்ளை கொடுப்பதும் இதே பொருள்தான். ஒளியை அப்படித் திருப்பி அடிக்கும். கொஞ்சம் கூடிப்போனால் கேமரா ஃபிளாஷில் முகம் மட்டும் வெளுத்துத் தெரிவது இதனால்தான்.

அதனால் முதல் தவறு அளவு. மூடியில் ஒரு சிட்டிகை கொட்டினால் போதும். அடர்த்தியான பிரஷை அதில் சுழற்றி, தூள் முடிக்குள் இறங்கியதும் மூடி விளிம்பில் தட்டி, மிச்சத்தை உதிர்த்துவிட வேண்டும். அப்புறம் கன்னத்தில் ஆரம்பித்து வெளிப்பக்கமாக, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும். ஒற்றுவதும் தூவுவதும் கூடாது. தேய்க்கத் தேய்க்கத்தான் தூள் தோலோடு அமரும். முதல் சில நொடி மாவு மாதிரி தெரிந்தால் பயந்து நிறுத்திவிடாதீர்கள். இன்னும் மறைக்க வேண்டிய இடத்தில் மட்டும் இரண்டாவது முறை. கண்ணுக்குக் கீழே அடுக்கினால் சுருக்கத்தில் போய் உட்கார்ந்து வயதைக் கூட்டிக் காட்டும். தூள் பறந்தால் வாயால் ஊதவும் வேண்டாம், மூச்சோடு உள்ளே போகும்.

அடுத்தது தேங்காய் எண்ணெய். எண்ணெய் வைக்காமல் நம் ஊரில் தலை ஏது? வெயில் ஏற ஏற அது நெற்றிக்கு இறங்கும். எண்ணெயில் நனைந்த தூள், மழையில் நனைந்த மண் மாதிரிக் கறுத்துத் திட்டாகிவிடும். விசேஷத்துக்கு முந்தின நாளே எண்ணெய் தேய்த்துக் குளித்துவிடுவது உத்தமம். மாய்ஸ்ச்சரைசரும் அப்படித்தான். பூசிய கையோடு பிரஷை எடுத்தால் ஈரமுள்ள இடமெல்லாம் தூளைப் பிடித்துக்கொள்ளும். ஐந்து பத்து நிமிடம் விடுங்கள். அதற்காக மாய்ஸ்ச்சரைசரே வேண்டாம் என்று விட்டால், காய்ந்த தோலில் செதில் செதிலாகத் தெரியும்.

இடவப்பாதி மழைக்காலத்துப் புழுக்கத்தில் வியர்வைக்கு மேலேயே இந்தத் தூளைப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். முதலில் டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள், துடைக்க வேண்டாம். பிறகு லேசாக ஒரு முறை பிரஷ் போதும். கோயிலுக்குப் போகிறவர்கள் சந்தனக்குறி வைக்கும் இடத்தில் தூள் போடாமல் விட்டுவிடலாம். ஈரச் சந்தனம் பட்டால் சுற்றிலும் வளையம் வளையமாகக் கறை நிற்கும்.

ஷேடு விஷயத்தில் நாம் செய்வது தவறே அல்ல, ஆசை. கடைக்காரர் புறங்கையில் தடவிக் காட்டுவார், டியூப் லைட் வெளிச்சத்தில் பளிச்சென்று இருக்கும், ஒரு படி வெளுப்பாக வாங்கி வருவோம். புறங்கை நிறமும் முக நிறமும் ஒன்றா? தாடை ஓரத்தில் தடவி, கடைக்கு வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். தடவிய இடம் கண்ணுக்குத் தெரியாமல் போனால் அதுதான் உங்கள் ஷேடு. நம்மில் பலருக்குத் தோலின் அடியில் ஓடுவது மஞ்சள் சாயல். ரோஸ் கலந்த ஷேடு அதன்மேல் சாம்பலாகத்தான் தெரியும்.

டப்பாவில் எஸ்பிஎஃப், அதாவது வெயிலிலிருந்து எவ்வளவு காக்கும் என்று சொல்லும் எண், போட்டிருக்கிறது என்று சன்ஸ்கிரீனை விடாதீர்கள். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசிச் சோதித்துத்தான் அந்த எண்ணைத் தருகிறார்கள். அவ்வளவு தூளைப் பூசினால் மைனி கேட்டதை உங்களையும் கேட்பார்கள்.

மினரல் என்றால் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளும் என்பதும் இல்லை. சிலவற்றில் மினுக்கத்துக்குப் பிஸ்மத் ஆக்சிகுளோரைடு சேர்த்திருப்பார்கள். வியர்த்ததும் முகம் அரிக்கிறது என்றால் பொருள் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

பிரஷை வாரம் ஒரு முறை மென்மையான ஷாம்பூவால் அலசி, முடி கீழ்நோக்கி இருக்கும்படி சாய்த்துக் காயவிடுங்கள். ஈரம் போகாமல் டப்பாவுக்குள் விட்டால் தூள் கட்டியாகிக் கெட்டுப்போகும். நம் பக்கத்து மழையில் ஒரு நாளில் காய்வது சந்தேகம்தான், அதனால் நான் இரண்டு பிரஷ் வைத்திருக்கிறேன்.