சிவப்பு வந்துவிட்டால் போதுமா? ஹீம் புரத இடைநிலைகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு ஹீம் புரதங்களை (நடுவில் இரும்பு உள்ள போர்ஃபிரின் வளையமான ஹீமைக் கொண்ட புரதங்களை) எடுக்கும் பிள்ளைகளோடு சில வருடங்களாக உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். அவர்கள் கையில் இருப்பவை பெரும்பாலும் இரண்டுதான்: எந்த நிற ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று அளக்கும் கல்லூரியின் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர், புரதத் தரவு வங்கியிலிருந்து இறக்கிய அணு அமைப்புக் கோப்புகள். இவற்றை வைத்தே நிறையக் கற்கலாம். ஆனால் கால் வழுக்கும் இடங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில், இந்தப் புரதங்களை இடைநிலைகளுக்கு, அதாவது வினையின் நடுவில் வந்துபோகும் வடிவங்களுக்கு, மாற்றச் சேர்க்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு புட்டி. லேபிளை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். எங்கள் ஊர் ஏப்ரல் வெயிலில் வெளியே அலமாரியில் இருந்த புட்டி தானாகவே சிதைந்துகொண்டிருக்கும். 30 சதவீதம் என்றால் ஆயிரம் மடங்கு நீர்த்தபின் 240 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் சுமார் 0.43 வர வேண்டும். ஒருமுறை எங்களுக்கு 0.29தான் வந்தது. மூன்றில் ஒரு பங்கு போயே போய்விட்டது!

அப்புறம் நிறம். ஹார்ஸ்ராடிஷ் செடியின் வேரிலிருந்து எடுக்கும் ஹீம் நொதியான ஹார்ஸ்ராடிஷ் பெராக்சிடேஸ் ஓய்வில் பழுப்பு. பெராக்சைடு சேர்ந்ததும் இரண்டு எலக்ட்ரான்களை இழந்து பச்சையாகிறது. அதுதான் காம்பவுண்ட் ஒன்று. இரும்பு நான்காம் ஆக்சிஜனேற்ற நிலையில் ஓர் ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பில் இருக்கும். இன்னொரு எலக்ட்ரான் போர்ஃபிரின் வளையத்திலிருந்து போயிருக்கும். ஒரு எலக்ட்ரான் திரும்பக் கிடைத்தால் சிவப்பான காம்பவுண்ட் இரண்டு.

"சார், சிவப்பு வந்துடுச்சு, காம்பவுண்ட் இரண்டு கிடைச்சிடுச்சு" என்று ஒரு பையன் ஓடி வந்தான். "சரிப்பா, 527-லயும் 554-லயும் பீக் இருக்கா?" என்று கேட்டேன். இல்லை, 544, 577 பக்கம் இருந்தது. பெராக்சைடை அள்ளி ஊற்றியிருக்கிறான். வந்தது காம்பவுண்ட் மூன்று, பெராக்சைடு மிகுந்தால் உருவாகும் இன்னொரு வடிவம். அதுவும் சிவப்புதான். கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது. (வெட்டிய மாங்காய் கறுப்பதும் பெராக்சிடேஸ்தானே என்று இங்கே அடிக்கடி கேட்பார்கள். பெரும்பாலும் இல்லை, அது செம்பு கொண்ட பாலிஃபீனால் ஆக்சிடேஸின் வேலை, ஹீம் இல்லை.)

பெரிய தவறு நடப்பது கோப்பைத் திறக்கும்போது. தலைப்பில் காம்பவுண்ட் ஒன்று என்று போட்டிருந்தால் உள்ளேயும் அதுதான் என்று நம்பிவிடுகிறோம். ஒரு மாணவி அப்படியொரு கோப்பில் இரும்பையும் ஆக்சிஜனையும் க்ளிக் செய்தாள். இரண்டுக்கும் இடையே 1.87 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) என்று காட்டியது. நோட்டில் 'இரட்டைப் பிணைப்பு' என்று எழுதிவிட்டாள். காம்பவுண்ட் ஒன்றில் அந்த நீளம் 1.65 அளவில் இருக்க வேண்டும், 1.87 என்பது ஒற்றைப் பிணைப்புக்கு உரிய நீளம்.

எங்கே கெட்டது? இந்தக் கோப்பிலுள்ள அமைப்பு, புரதப் படிகத்தில் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி எடுத்தது. எக்ஸ் கதிர் படிகத்தில் பட்டதும் நீரிலிருந்தும் புரதத்திலிருந்தும் எலக்ட்ரான்கள் பிய்ந்து வருகின்றன. எலக்ட்ரானுக்காகக் காத்துக் கிடக்கும் இரும்பு அவற்றைப் பிடித்துக்கொள்கிறது. படம் எடுக்க எடுக்க, எடுக்கிற பொருளே மாறிவிடுகிறது. 100 கெல்வினில் உறையவைத்தால் பயமில்லை என்று நினைப்பது தவறு. குளிர் அணுக்களின் நடமாட்டத்தைக் கட்டிப்போடும். எலக்ட்ரான் ஓடுவதை நிறுத்தாது.

2002-இல் ஹார்ஸ்ராடிஷ் பெராக்சிடேஸின் இடைநிலைகளை வெளியிட்ட குழு, பல படிகங்களில் கதிர் குறைவாகப் பட்ட பகுதித் தரவுகளைச் சேர்த்து ஒரு படமும், அதிகம் பட்டவற்றைச் சேர்த்து வேறு படங்களும் உருவாக்கியது. மாற்றம் படிப்படியாகத் தெரிந்தது. எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. இப்போது எக்ஸ் கதிர் லேசரில், சில பத்து ஃபெம்டோ நொடித் (நொடியின் மிக மிகச் சிறு பகுதி) துடிப்பில், சேதம் பரவுவதற்குள் தரவு பதிவாகிவிடுகிறது.

ஆகவே கோப்போடு ஆய்வுக் கட்டுரையையும் எடுங்கள். கதிரளவு சொல்லியிருக்கிறார்களா? படிகத்தின் நிறமாலையைக் கதிருக்கு முன்னும் பின்னும் எடுத்தார்களா? பகுதிறனையும் (தரவு எவ்வளவு நுணுக்கம் காட்டுகிறது என்பதையும்) பாருங்கள். 2 ஆங்ஸ்ட்ராம் தரவில் 1.65-ஐயும் 1.87-ஐயும் பிரிப்பது கடினம். செம்மைப்படுத்தும் மென்பொருளுக்கு நாம் கொடுத்த நீளமே விடையாகத் திரும்பி வரலாம்.

கடைசியாக ஹைட்ரஜன். எக்ஸ் கதிர் வரைபடத்தில் அது தெரிவதே அரிது, ஆனால் நோட்டில் இஷ்டத்துக்கு வரைகிறோம். எக்ஸ் கதிருக்குப் பதில் நியூட்ரான் கற்றையைப் பாய்ச்சினால்தான் அது தெரியும், இரும்பும் ஒடுங்காது (எலக்ட்ரானைப் பெற்று மாறாது). 2014-இல் இன்னொரு ஹீம் நொதியான சைட்டோகுரோம் சி பெராக்சிடேஸின் காம்பவுண்ட் ஒன்றில், இரும்போடு சேர்ந்த ஆக்சிஜனில் ஹைட்ரஜன் இல்லை என்று நியூட்ரான் காட்டியது. 2016-இல் வேறொரு ஹீம் நொதியான அஸ்கார்பேட் பெராக்சிடேஸின் காம்பவுண்ட் இரண்டில் ஹைட்ரஜன் இருந்தது. ஒன்றைப் பார்த்து இன்னொன்றை வரைய முடியாது. இதே சைட்டோகுரோம் சி பெராக்சிடேஸில் எலக்ட்ரான் இழந்தது போர்ஃபிரினும் அல்ல, புரதச் சங்கிலியின் 191-ஆம் அமினோ அமிலமான டிரிப்டோஃபேன்.

அந்த மாணவி பழைய வரியை அடித்துவிட்டு எழுதினாள்: "1.87. எக்ஸ் கதிரால் ஒடுங்கியிருக்கலாம். படிக நிறமாலை தரப்படவில்லை."